மருத்துவத்துக்குப் போடும் பணம் எங்கே போய்ச் சேருகிறது?

2021-22ஆம் ஆண்டில் இந்தியா மருத்துவத்துக்காகச் செலவழித்த மொத்தத் தொகை ரூ.9,04,461 கோடி. மத்திய, மாநில அரசுகள், காப்பீட்டு நிறுவனங்கள், வேலை கொடுப்பவர்கள், குடும்பங்கள் என்று எல்லாரும் போட்டதைச் சேர்த்த கணக்கு இது. தலைக்கு ரூ.6,602 வருகிறது. அதில் ஏறத்தாழ ரூ.2,600ஐ நோயாளியோ அவர் வீட்டாரோ நேரடியாகத் தங்கள் கையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிடும் தேசிய சுகாதாரக் கணக்கில் இந்த எண்கள் இருக்கின்றன.

இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தொகையின் அளவோடு முடிந்துவிடுகிறது. நாட்டின் மொத்த உற்பத்தியில் 3.83 சதவீதம்தானே, இது போதுமா என்று கேட்கிறோம். அரசின் பங்கு 1.84 சதவீதம், 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை 2025க்குள் 2.5 சதவீதம் என்று சொன்னதே, என்ன ஆயிற்று என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் தொகை பெருகினால் ஆரோக்கியமும் பெருகும் என்று நம்புவதற்கு முன் அமெரிக்காவை ஒரு முறை பார்க்க வேண்டும். 2023இல் அந்த நாடு தன் மொத்த உற்பத்தியில் 17.6 சதவீதத்தை மருத்துவத்தில் போட்டது. அங்கே பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 78.4 ஆண்டுகள். ஏறக்குறைய 11 சதவீதம் செலவழிக்கும் ஜப்பானில் அது 84. பணம் இல்லாமல் மருத்துவம் நடக்காது, சரி. எந்த வாசல் வழியாக அந்தப் பணம் உள்ளே போகிறது என்பதைப் பொறுத்துத்தான் பலன் அமைகிறது.

எந்த நோக்கத்துக்காகச் செலவழிக்கிறோம் என்பதில் இந்தியாவுக்குக் குழப்பம் இருக்க வேண்டியதில்லை. விடுதலைக்கு முன்பே, 1946இல், சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான சுகாதாரக் குழு தன் அறிக்கையைக் கொடுத்துவிட்டது. காசு கொடுக்க முடியவில்லை என்பதற்காக ஒருவருக்கும் தக்க சிகிச்சை கிடைக்காமல் போகக் கூடாது என்பது அதன் அடிப்படை. அரசமைப்புச் சட்டத்தின் 47ஆவது பிரிவு, மக்களின் ஊட்டச்சத்தையும் பொது சுகாதாரத்தையும் மேம்படுத்துவதை அரசின் முதன்மைக் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வரும் நோயாளியை அரசு மருத்துவமனை திருப்பி அனுப்பினால் அது வாழும் உரிமையையே மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. இவற்றைச் சேர்த்துப் படித்தால், மக்கள் அகால மரணம் அடையக் கூடாது, நோய் ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளக் கூடாது, எங்கே யாருக்குப் பிறந்தோம் என்பது சிகிச்சையைத் தீர்மானிக்கக் கூடாது என்பதே நாம் ஏற்றுக்கொண்ட இலக்கு. செலவை இந்த இலக்கோடு வைத்துத்தான் அளக்க வேண்டும்.

நடுவில் இருப்பதிலிருந்து, அதாவது கடனிலிருந்து தொடங்கலாம். கையிலிருந்து போகும் செலவு 2013-14இல் மொத்த மருத்துவச் செலவில் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று அரசு சொல்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் பெரிய சாதனை. ஆனால் ஆண்டுவாரியாகப் பாருங்கள். 2016-17இல் 58.7 சதவீதம், அடுத்த ஆண்டே 48.8. ஒரே ஆண்டில் பத்துப் புள்ளி இறங்கியிருக்கிறது. அந்த ஓர் ஆண்டில் நாட்டின் மருத்துவமனைகளில் அப்படி ஒன்றும் தலைகீழ் மாற்றம் நடந்துவிடவில்லை. ஆயுஷ்மான் பாரத் காப்பீடுகூட 2018 செப்டம்பரில்தான் தொடங்கியது. மாறியது கணக்கெடுப்பு. அதுவரை 2014இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பை வைத்துக் குடும்பச் செலவை மதிப்பிட்டவர்கள், அந்த ஆண்டிலிருந்து 2017-18இல் எடுத்த 75ஆவது சுற்றுக்கு மாறினார்கள். மக்கள் செலவழிப்பது குறைந்ததா, சிகிச்சைக்குப் போவதே குறைந்ததா, கேள்வி கேட்ட விதம் மாறியதா என்று பொருளாதார அறிஞர்கள் அப்போதிலிருந்து வாதிட்டு வருகிறார்கள். காசில்லாமல் வைத்தியத்துக்கே போகாதவரின் செலவு இந்தக் கணக்கில் பூஜ்யமாகத்தான் பதிவாகும் என்பதையும் மறக்கக் கூடாது. 2021-22 கொரோனா ஆண்டு, தடுப்பூசிக்கு அரசு நிறையச் செலவழித்த ஆண்டு என்பதும் சேர்ந்திருக்கிறது. ஆகவே முன்னேற்றம் உண்டு, ஆனால் அந்த 25 புள்ளி இறக்கத்தை அப்படியே நம்ப நான் தயாராக இல்லை.

சதவீதம் எதுவானாலும், அந்தக் கைக்காசு எதற்குப் போகிறது என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். மருத்துவச் செலவு என்றதும் நம் மனதில் வருவது ஆபரேஷன், ஐ.சி.யூ., லட்சக்கணக்கில் பில். 75ஆவது சுற்றின்படி, பிரசவம் தவிர்த்து ஒரு முறை மருத்துவமனையில் படுத்து எழ அரசு மருத்துவமனையில் சராசரியாக ரூ.4,452 ஆனது, தனியாரில் ரூ.31,845. இந்த ஏழு மடங்கு வித்தியாசம் ஒரு குடும்பத்தைக் குப்புறத் தள்ளப் போதும். ஆனால் ஒரு வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் படுப்பது எப்போதாவது நடப்பது. மாதம் தவறாமல் நடப்பது வேறு: சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டர் பீஸ், ரத்தப் பரிசோதனை, மெடிக்கல் ஷாப் பில். இந்தியக் குடும்பங்களின் கைக்காசில் பெரும்பகுதி போவது வெளிநோயாளி சிகிச்சைக்கும் மருந்துக்கும்தான். அதிலும் தனியாக நின்று பெரிய பங்கை எடுத்துக்கொள்வது மருந்து.

ஒரு கூலிக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, அப்பாவுக்கு ரத்த அழுத்தம். பக்கத்து டவுனில் மாலை நேரத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரிடம் போகிறார்கள். ஏனென்றால் காலையில் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். பீஸ் கொடுத்து, சர்க்கரை பார்த்து, சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் மொத்தம் சொல்கிறார். “ஒரு மாசத்துக்கு வேண்டாம், பத்து நாளைக்குக் கொடுங்க” என்கிறார் அம்மா. கடைக்காரருக்கு இது பழகிப்போனது. அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிறார். பத்து நாள் கழித்து அவர் திரும்பி வருவாரா என்பது அந்த வாரம் வேலை கிடைத்ததா என்பதைப் பொறுத்தது. இந்தக் குடும்பத்தின் கையில் ஐந்து லட்ச ரூபாய் காப்பீட்டு அட்டை இருக்கலாம். இந்தக் கடை வாசலில் அதற்கு வேலை இல்லை.

இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. ஆயுஷ்மான் பாரத் காப்பீடும், தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் அதன் வழிவந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உயிர் காத்திருக்கின்றன. இதய வால்வு மாற்றவோ, புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கவோ சொத்தை விற்க வேண்டியிருந்த காலத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஆனால் இந்தத் திட்டங்களின் அமைப்பே படுக்கையைச் சுற்றி இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் விதிப்படி, சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவும் வீட்டுக்குப் போன பின் 15 நாள் மருந்தும்தான் காப்பீட்டுக்குள் வரும். மாரடைப்பு வந்த ஒருவருக்குத் திட்டத்தின் செலவில் ஸ்டென்ட் வைக்கிறார்கள். நல்லது. அந்த ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளாமல் இருக்க ரத்தத்தை இளக வைக்கும் மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் தினமும் விழுங்க வேண்டும். சிலவற்றை ஓராண்டு, சிலவற்றை ஆயுள் முழுக்க. பதினாறாவது நாளிலிருந்து அது அவர் பாடு. அரசு பெரும் தொகை கொடுத்து வைத்த ஸ்டென்ட், சில நூறு ரூபாய் மாத்திரை நின்றுபோனதால் வீணாகும் வாய்ப்பை இந்த அமைப்பு தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அவர் ஜி.எச். மருந்து கவுண்டருக்குப் போய் அதே மாத்திரையை இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கவுண்டர் இல்லாத மாநிலத்தில் என்ன செய்வார்?

படுக்கையைச் சுற்றிப் பணம் வைத்தால் இன்னொன்றும் நடக்கும்: தேவையில்லாதவர்களும் படுக்கைக்கு வருவார்கள். 2008இல் வந்த ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா திட்டம் ஆண்டுக்கு ரூ.30,000 வரை கொடுத்தது. 2012இல் பீகாரிலும் சத்தீஸ்கரிலும் அந்தத் தொகையைக் கோருவதற்காகவே ஏழைப் பெண்களுக்குத் தேவையின்றிக் கர்ப்பப்பையை எடுத்த கதைகள் வெளிவந்தன. செலவுக் கணக்கில் அவையும் மருத்துவச் சேவையாகத்தான் ஏறியிருந்தன. அப்புறம், காப்பீடு எதுவும் சம்பந்தப்படாமலேயே தமிழ்நாட்டில் நடப்பதையும் சொல்ல வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8 சதவீதம். நாட்டின் சராசரி 21.5. மூன்று பெண்களில் இருவருக்கு வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுக்க வேண்டும் என்று எந்த மருத்துவ நூலும் சொல்லவில்லை. செலவு கூடியிருக்கிறது, தாய்க்கும் சேய்க்கும் அதே அளவு நன்மை கூடவில்லை. இந்த விஷயத்தில் தமிழ்நாடு தன்னைத் தட்டிக்கொடுத்துக்கொள்வதை நிறுத்த வேண்டும் என்பது என் எண்ணம்.

தட்டிக்கொடுக்க வேண்டிய இடமும் உண்டு. அது மருந்துக் கிடங்கு.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் உருவானது. அதற்கு முன் ஒவ்வொரு துறையும் தனித்தனியாக மருந்து வாங்கியது. விலை தாறுமாறாக இருக்கும், வேண்டியது இருக்காது, வேண்டாதது காலாவதியாகிக் கிடக்கும். கழகம் வந்த பின் மாநிலம் முழுவதுக்கும் ஒரே டெண்டர். பிராண்டு பெயரில் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரில், தயாரிப்பாளரிடமிருந்து நேரடியாக வாங்குகிறார்கள். சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்து இறங்கும். இறங்கியவுடன் மருத்துவமனைக்குப் போகாது. ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும் (பேட்ச்) மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகுதான் வெளியே போகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வங்கிப் புத்தகம் போலவே ஒரு பாஸ்புக். ஆண்டுக்கு இவ்வளவு தொகை என்று அதில் வரவு இருக்கும். ஃபார்மசிஸ்ட் கிடங்குக்கு வந்து, தன் ஊரில் எந்த நோய் அதிகமோ அதற்கேற்ப மருந்தை எடுத்துக்கொள்வார். எடுத்த மருந்தின் மதிப்பு பாஸ்புக்கில் கழியும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு எல்லா ஊருக்கும் ஒரே பெட்டியை அனுப்பும் பழைய முறை இதனால் ஒழிந்தது. மாத்திரை அட்டைகளில் தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருப்பதால் பின்வாசல் வழியாக மருந்துக் கடைக்குப் போவதும் கடினமானது. இதில் ரிப்பன் வெட்ட ஒன்றும் இல்லை. ஆனால் மேலே சொன்ன அந்த அம்மா ஜி.எச். வரைக்கும் வந்துவிட்டால், அட்டையைக் கத்தரிக்கச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் மாத்திரை வாங்கிக்கொண்டு போகலாம். கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன.

“வந்துவிட்டால்” என்பதுதான் சிக்கல். 2020இல் தமிழ்நாட்டில் எடுத்த ஓர் ஆய்வு, ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று சொன்னது. மருந்து இலவசம், மருத்துவர் இருக்கிறார், ஆரம்ப சுகாதார நிலையம் பஸ் தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் பத்தில் ஒன்பது பேருக்கு நோய் கட்டுக்கு வரவில்லை. பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களால் மாதாமாதம் ஒரு நாள் கூலியை விட முடியாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற மாநில அரசின் திட்டம் இந்தப் புள்ளியில்தான் கை வைத்தது. சுய உதவிக் குழுப் பெண்கள் பயிற்சி பெற்று, பிரஷர் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். மாத்திரையை வாசலில் கொடுத்தார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிக்கும் பராமரிப்பும் வீட்டுக்கே வந்தன. சில ஆண்டுகள் கழித்து எடுத்த இரண்டாவது ஆய்வில் கட்டுக்குள் இருப்போர் விகிதம் இரண்டு நோய்களிலுமே 17 சதவீதத்தை ஒட்டி உயர்ந்திருந்தது. இன்னும் ஆறில் ஐந்து பேர் வெளியே இருக்கிறார்கள். என்றாலும், செலவழித்த பணம் சமூகத்தின் இலக்கை நோக்கி நகர்வதை எண்ணில் காட்டக்கூடிய திட்டங்கள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று.

இப்போது பணத்தைப் பாருங்கள். அந்த 2021 ஆகஸ்ட் திருத்திய பட்ஜெட்டில் இத்திட்டத்துக்கு ஒதுக்கியது ரூ.257 கோடி. காப்பீட்டுத் திட்டத்துக்கு ரூ.1,046 கோடி. ஏறக்குறைய நான்கு மடங்கு. காப்பீட்டுத் தொகையில் ஒரு பங்கு அரசு மருத்துவமனைகளுக்கே திரும்பி வந்து கருவிகளாகவும் வசதிகளாகவும் மாறுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டு அமைப்பின் நல்ல அம்சம் அது. ஆனாலும் சர்க்கரை கட்டுப்படாமல் சிறுநீரகம் போன ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்ய அரசு கொடுக்கும் பணத்தையும், பத்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் வீட்டு வாசலில் சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுத்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வயிறு எரிகிறது. ஒவ்வொரு டயாலிசிஸும் நான்கு மணி நேரம். கூடவே ஒருவர் போக வேண்டும். இருவர் கூலியும் போகும். டயாலிசிஸ் இலவசம் என்று கணக்கு சொல்லும். பஸ் கட்டணமும் போன கூலியும் எந்தக் கணக்கிலும் வராது.

ஏன் பணம் இப்படிப் போகிறது? கெட்ட எண்ணத்தால் என்று நான் நினைக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரை எண்ணலாம், அவரோடு நின்று படம் எடுக்கலாம். வராமல் போன பக்கவாதத்தை யார் எண்ணுவது? அது யாருக்கு வரவில்லை என்று அந்த மனிதருக்கே தெரியாது. கட்டடமும் அப்படித்தான். மதுரை எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். முதல் அணி மாணவர்கள் 2022இல் ராமநாதபுரத்தில் போய்ப் படிக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டடம் குறித்து எத்தனை தேர்தல் மேடைகளில் பேசியிருப்பார்கள்! நியாயமான கோபம்தான். ஆனால் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் பணியிடம் காலியாகக் கிடந்தால் அதை யாரும் மேடையில் பேசுவதில்லை. மருத்துவச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு ஆரம்ப நிலைச் சிகிச்சைக்குப் போக வேண்டும் என்று 2017 கொள்கையும் சொன்னது, பதினைந்தாவது நிதிக்குழுவும் சொன்னது. 2019-20இல் அரசுச் செலவில் அந்தப் பங்கு 55.9 சதவீதம். 2013-14இல் இருந்த 51.1ஐவிட மேல். ஆனால் அரசின் மொத்தச் செலவே அந்த ஆண்டில் நாட்டு உற்பத்தியில் 1.35 சதவீதம்தான், அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட என்றால் எவ்வளவு சிறியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் இலங்கை வேறு விதமாக வளர்ந்தது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவை அமைத்தார்கள்: ஒரு குறிப்பிட்ட பகுதியின் கர்ப்பிணிகள், குழந்தைகள், தண்ணீர், தொற்றுநோய் எல்லாம் ஒரே குழுவின் பொறுப்பு. 1931இல் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. 1934-35இல் மலேரியா பல்லாயிரம் பேரைக் கொன்றது. வாக்குள்ள கிராமத்து மக்கள் ஆஸ்பத்திரி கேட்டார்கள். கிராமங்களில் சிறு மருத்துவமனைகள் பெருகின. 1951இல் அரசு மருத்துவமனைகளில் கட்டணமே நீக்கப்பட்டது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் அந்த நாட்டை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. ஏறக்குறைய இந்தியா அளவுக்கே தன் உற்பத்தியில் பங்கு செலவழித்து, 76ஐத் தாண்டிய ஆயுள் எதிர்பார்ப்பை அந்த நாடு எட்டியது. இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. இலங்கையிலும் கைக்காசுச் செலவு மொத்தத்தில் பாதியை ஒட்டி இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி வசதியுள்ளவர்கள் தனியார் டாக்டரிடம் போய்ச் செலவழிப்பது. ஏழை படுக்க வேண்டி வந்தால் அரசு மருத்துவமனைதான், அங்கே பில் கிடையாது. சதவீதம் ஒன்றாகத் தெரிந்தாலும் யார் கையிலிருந்து போகிறது என்பது வேறு.

அந்த இலங்கையிலும் சராசரி மறைக்கும் இடம் இருக்கிறது. மலையகத் தோட்டங்களில் மருத்துவம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. நாட்டின் பொது அமைப்புக்குள் அது முழுதாக வந்து சேரவில்லை. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டப் பகுதியில் 32 சதவீதம். தேயிலை ஏற்றுமதியால் வந்த பணத்தில் நாட்டின் இலவச மருத்துவம் வளர்ந்தது. அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்களின் பிள்ளைகளுக்கு அது கடைசியாகத்தான் வந்தது. எங்கே யாருக்குப் பிறந்தோம் என்பது தீர்மானிக்கக் கூடாது என்ற இலக்கில் ஒரு நாடு தேறியதா என்று பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

தாய்லாந்து இன்னொரு வழியைக் காட்டியது. 2001-02இல் அவர்கள் கொண்டுவந்த திட்டத்தில் ஒரு முறை போனால் 30 பாத், அவ்வளவுதான். பணம் ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று போகவில்லை. அந்த வட்டாரத்தில் பதிவு செய்த மக்கள் தொகையைக் கணக்கிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று போனது. மக்கள் ஆரோக்கியமாக இருந்தால் மருத்துவமனைக்கு நஷ்டம் இல்லை. வெளிநோயாளி சிகிச்சையும் மருந்தும் உள்ளேயே இருந்தன. செலவில் மூன்றில் ஒரு பங்காக இருந்த கைக்காசு, பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. நம் காப்பீட்டுத் திட்டங்கள் அட்டையின் தொகையைக் கூட்டுவதில் போட்டி போடுவதைவிட, ஓ.பி. சிகிச்சையையும் மாத்திரையையும் உள்ளே கொண்டுவருவதில் போட்டி போட்டால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

மருத்துவத் துறையின் கணக்குக்கு வெளியே நடப்பதும் இதில் சேரும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதை ஆஸ்பத்திரி கட்டித் தீர்க்க முடியாது. சாப்பாட்டில்தான் தீர்க்க வேண்டும். சாலை விபத்தில் ஆண்டுக்கு 17,000 பேருக்கு மேல் இங்கே சாகிறார்கள். முதல் 48 மணி நேர இலவச சிகிச்சைத் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது, பல உயிர்களைக் காப்பாற்றுகிறது. ஆனால் நெடுஞ்சாலையைக் கடக்க மேம்பாலம் இல்லாத ஊரில் அதே வளைவில் அடுத்த விபத்து காத்திருக்கிறது. சாராயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2023-24இல் டாஸ்மாக் மூலம் மாநிலத்துக்கு வந்த வருவாய் ரூ.45,855 கோடி. அந்த ஆண்டு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது ரூ.18,661 கோடி. கல்லீரல் வீங்கி வார்டில் கிடப்பவர்களையும், வீட்டில் அடி வாங்கி அவசரப் பிரிவுக்கு வரும் பெண்களையும் பார்க்கும் எந்த மருத்துவரும் இந்த இரண்டு எண்களையும் தனித்தனியாகப் படிக்க மாட்டார். ஒரு கையால் நோயை விற்று மறு கையால் வைத்தியம் பார்க்கும் அரசு, மருத்துவத்துக்கு எவ்வளவு ஒதுக்கினாலும் அதைச் சமூகத்தின் நலனுக்கான செலவு என்று முழு மனதோடு சொல்ல எனக்கு நா எழவில்லை.

என்றாலும் தமிழ்நாட்டின் பழைய கணக்கு நம்பிக்கை தருவதாகவே இருக்கிறது. 1939இலேயே பொது சுகாதாரத்துக்குத் தனிச் சட்டம் போட்ட மாகாணம் இது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று நர்சுகளை மாற்றி மாற்றிப் பணியில் வைத்து, நள்ளிரவிலும் பிரசவம் பார்க்கச் செய்ததைவிட மலிவான, பலன் மிகுந்த செலவு வேறு இருக்குமா என்று தெரியவில்லை. 2018-20இல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இங்கே இறந்த தாய்மார் 54 பேர்; நாட்டில் 97. அப்போது கேரளத்தில் 19 என்பதால் நாம் போக வேண்டியிருந்த தூரமும் தெரிந்தது.

2025இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தன் 80ஆவது சுற்றில் மறுபடியும் வீடு வீடாகப் போய் மருத்துவச் செலவைக் கேட்டது. இனி வரும் சுகாதாரக் கணக்குகள் அதன் மேல் எழும்பும்போது, கைக்காசு எத்தனை சதவீதம் என்ற ஒற்றை எண்ணைத் தலைப்புச் செய்தியாகப் படிப்பதோடு நிற்காமல், அதற்குள் போய் வெளிநோயாளி சிகிச்சைக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, கீழ்த்தட்டில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்கள் கொடுத்தது எவ்வளவு, உடம்பு சரியில்லாமலும் வைத்தியத்துக்கே போகாதவர்கள் எத்தனை பேர் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது உறுப்பினர்கள் கேட்க வேண்டியதும் இவற்றைத்தான்: எத்தனை பேருக்கு ஆபரேஷன் நடந்தது என்பதோடு, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருப்போர் விகிதம் உங்கள் மாவட்டத்தில் போன ஆண்டு எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு?